தின்கன்ஜூனில் பறித்த ஏழு பூ

என் மூத்த பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாயிற்று. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு அழைக்கப் போகிறவர்கள் அடுத்த ஊருக்கு மாட்டுவண்டியில் போவார்கள். நானும் என் கணவரும் மாசிக் கடைசியில் கப்பல் ஏறி ரங்கூனுக்குப் போனோம். பெண்ணின் தாய்மாமன் அங்கேதான் இருந்தார்.

தாய்மாமன் ஒருவர்தான், என் அண்ணன் சாமிநாதன். ரங்கூன் ரயில்வே கிடங்கில் வேலை. போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்பா காலமானபோது ஒரு தடவை திருவாரூருக்கு வந்தார். அதன்பிறகு அங்கேயே ஒரு பர்மாக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார் என்று சேதி வந்தது. அவரும் வரவில்லை, எங்கள் பக்கத்திலிருந்தும் யாரும் வாவென்று எழுதவில்லை. எனக்கு மட்டும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கடிதம் போடுவார். கல்யாணத் தேதியை எழுதியதும், முறைப்படி நேரில் வந்து அழைத்தால் வருகிறேன் என்று பதில் போட்டார். தாய்மாமன் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வராமல் எங்களில் பெண் மாலை சூடுவது கிடையாது. என் பெண்ணும், மாமா வருவாரா என்று ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்டுக்கொண்டிருந்தாள்.

புறப்படும் முன் என் கணவரின் தமையனார் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். வீட்டில் மூத்தவர் அவர்தான். அண்ணனை மட்டும் அழைக்க வேண்டும், அந்த அம்மாளுக்குக் குங்குமம் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அவளையும் அழைத்ததாகிவிடும் என்றார். என் கணவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதைவிட, எனக்கு வாய் கிடையாது. நாலு பேர் எதிரில் பேச வேண்டியதை வீட்டுக்கு வந்து மனசுக்குள் பேசிக்கொள்வது என் வழக்கம்.

கப்பல் நின்றதும் கரையில் அண்ணனைத் தேடினேன். பர்மாக்காரர்களைப் போலக் கைலி கட்டி, மேலே கோட்டுப் போட்ட நரைத்த மனிதர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். யாரோ அவரைப் பார்த்து “ஊ சாமி” என்று கூப்பிட்டார்கள். அங்கே வயதில் பெரிய ஆண்கள் பெயருக்கு முன்னால் ‘ஊ’ என்று மரியாதைக்குச் சேர்ப்பார்களாம். அந்த மனிதர் திரும்பினபோது காதருகே இருந்த தழும்பைப் பார்த்துத்தான் அண்ணன் என்று தெரிந்தது. நான் அழுதேன். அவர், “பெட்டி எத்தனை?” என்று கேட்டார். அவருக்கும் என்னைப் போலத்தான், வேண்டிய நேரத்தில் வேறு பேச்சு வரும்.

அவர் வீடு ஊருக்குக் கிழக்கே தின்கன்ஜூனில். ரயிலில் போய், பிறகு ஒற்றை மாட்டுவண்டியில் கொஞ்சம் போக வேண்டும். வழியெல்லாம் மரங்கள் இலை உதிர்ந்து குச்சியாக நின்றன. எங்கள் ஊரில் மரம் இப்படி நின்றால் பட்டுப்போய்விட்டது என்று விறகுக்கு வெட்டிவிடுவோம். பனிக்காலம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகிறது, இனிமேல்தான் துளிர்க்கும் என்றார் அண்ணன்.

வீடு மரத்தூண்களின் மேல் நின்றது. படியின் கீழே அவர் மனைவி காத்துக்கொண்டிருந்தார். பெயர் மா செய்ன். ‘மா’ என்பது பெண்களுக்குச் சேர்க்கும் மரியாதை. என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். கன்னத்தில் சந்தனம் போல ஒரு மரப்பட்டையை அரைத்துப் பூசியிருந்தார். உச்சியில் உருண்டைக் கொண்டை. “வாங்க தங்கச்சி” என்றார். அண்ணன் எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே. தமிழ் அவரிடமிருந்து கற்றுக்கொண்டதால் முறையும் அப்படியே வந்துவிட்டது போலிருக்கிறது. பதிலுக்கு நான் அண்ணி என்றிருக்க வேண்டும். என் கணவர் பக்கத்தில் நின்றார். நான் சிரித்து வைத்தேன்.

நாங்கள் சைவம். மா செய்னின் அடுப்பில் மீனும் கருவாடும் சமைப்பார்கள். அதனால் வீட்டுக்கு அடியில், தூண்களுக்கு நடுவே எங்களுக்கென்று புது அடுப்பு, புதுப் பானைகள், ஒரு புதுக் குடம், மூங்கில் தட்டி மறைப்பு எல்லாம் தயாராக இருந்தன. அரிசியும் பருப்பும் தமிழ்க் கடையில் வாங்கியவை. விறகைக்கூட வேறாக அடுக்கியிருந்தார்கள். என் கணவர் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, “பரவாயில்லை” என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை. மா செய்ன் தட்டிக்கு வெளியே நின்று பார்த்தார். உள்ளே வரவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. வீட்டில் எழுந்திருக்கிற பழக்கத்தில் விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. குளித்துவிட்டு, கையோடு கொண்டுபோயிருந்த சின்னப் பித்தளைப் பிள்ளையாரை ஒரு பலகையில் வைத்தேன். பூ வேண்டுமே என்று தட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். எங்கள் தெருவில் இது வழக்கம். யார் வீட்டு நந்தியாவட்டையும் விடிவதற்குள் யார் வேண்டுமானாலும் பறிக்கலாம், சாமிக்கு என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கிறவர்களைப் பற்றித்தான் ஊர் பேசும்.

தோட்டத்தில் மாமரம் பூத்திருந்தது. மற்றச் செடிகள் சருகும் குச்சியுமாகக் கிடந்தன. படிக்கு வலப்பக்கம் மூங்கில் சிம்பு நட்டு வேலி கட்டிய ஒரு வெறும் பாத்தி. அதில் வெள்ளையாக ஏதோ விழுந்து கிடந்தது. கீழே விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கக் கூடாது என்பதால் நகரப் பார்த்தேன். பிறகு குனிந்து தொட்டுப் பார்த்தால், விழுந்த பூ இல்லை. இலையும் இல்லாமல் காம்பும் இல்லாமல், மண்ணிலிருந்தே பூ எழுந்து வந்திருந்தது. நீளநீளமான வெள்ளை இதழ், நடுவில் ஊதா நாக்கு, இஞ்சியும் கற்பூரமும் கலந்தது போன்ற வாசனை. ஏழு இருந்தன. விழாத பூதானே என்று நிச்சயம் செய்துகொண்டு, ஏழு பூவையும் கழுத்தில் கிள்ளித் தட்டில் போட்டேன். பிள்ளையாருக்கு நிறைந்தாற்போல் இருந்தது.

பலபலவென்று விடியும்போது மா செய்ன் ஒரு சொம்புத் தண்ணீரோடு படி இறங்கி வந்தார். நேரே அந்தப் பாத்திக்குப் போனார். அங்கே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, “பூ?” என்றார்.

“சாமிக்கு” என்றேன்.

அவர் பிள்ளையாரைப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். சொம்பிலிருந்த தண்ணீரை வெறும் மண்ணில் மெதுவாக ஊற்றிவிட்டு மேலே போய்விட்டார். கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் அன்று பகல் முழுவதும் அவர் கீழே வரவில்லை.

அண்ணனுக்கு விஷயம் தெரிந்து சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. அதற்குப் பதிலாக அந்தப் பாத்தியின் கதையைச் சொன்னார். ரங்கூனுக்கு வந்த புதிதில், பொங்கல் பானைக்குக் கட்ட மஞ்சள் கொத்து வேண்டுமென்று அவருக்கு ஆசை. ரயில் பாதை ஓரம் எங்கேயோ மஞ்சள் இலை போலவே இலை விட்ட ஒரு செடியைப் பார்த்து, கிழங்கோடு தோண்டி வந்து நட்டிருக்கிறார். கார்த்திகை வரை தளதளவென்று இருந்ததாம். பனி தொடங்கியதும் இலை பழுத்து உதிர்ந்து, பொங்கல் வரும்போது மண் மட்டும் மிச்சம். வெறும் பானையை வைத்துப் பொங்கினார். அப்போது மா செய்ன் பக்கத்து வீட்டுப் பெண். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இந்த மனிதர் செத்த செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். மாசிக் கடைசியில் அதே மண்ணிலிருந்து வெள்ளைப் பூ வந்தது. இரண்டு பேரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று அதைப் பார்த்தார்களாம். “அப்புறம் வேலியை எடுத்துட்டோம்” என்று கதையை முடித்தார் அண்ணன். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் மண்பூ. தெருவில் இன்றைக்கும் அதை ‘ஊ சாமியின் மஞ்சள்’ என்றுதான் கேலி செய்கிறார்களாம்.

எங்கள் ஊரில் பூவுக்காக யாரும் காத்திருப்பதில்லை. செம்பருத்தியும் அரளியும் பன்னிரண்டு மாதமும் பூக்கும். இன்று பறித்தால் நாளை இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற பூவைப் பறித்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அன்று சாயங்காலம் என் கணவர் பேச்சைத் தொடங்கினார். கல்யாணத்துக்கு முறைப்படி அழைக்க வந்திருக்கிறோம் என்றார். அண்ணன், “யாரை?” என்று கேட்டார்.

“உங்களைத்தான், மச்சான்.”

அண்ணன் சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டார். “வியாழக்கிழமைதானே கப்பல். பார்க்கலாம், மாப்பிள்ளை” என்றார். அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. பிறகு நான் தனியாகப் பாத்திரம் தேய்க்கும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

“காமு, நான் மட்டும் வந்தா அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. பெட்டி கூட அவளே கட்டிக் குடுப்பா. அதனாலதான் என்னால வர முடியாது.”

என் இடுப்பில் குங்குமச் சிமிழ் முடிந்திருந்தது. தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பர்மாக்காரி தலையில் கூடையோடு தெருவில் கூவிக்கொண்டு போனாள். ஆவியில் வெந்த பிசுபிசுத்த அரிசிச் சோறு, மேலே வேகவைத்த பயறு, எள்ளும் உப்பும் தூவி வாழை இலையில் கட்டித் தருவாள். என் கணவர் அவளிடம் இலை யாருடையது, பானை யாருடையது, எண்ணெய் என்ன எண்ணெய் என்று அண்ணனை வைத்து விசாரித்தார். அண்ணன் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தார். அவள் ஏதோ சொல்லித் தோளைக் குலுக்கினாள். “வாங்கறதுக்கு வந்தாரா, பொண்ணு பாக்க வந்தாரான்னு கேக்கறா” என்றார் அண்ணன். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆனால் திங்கட்கிழமை நான் தண்ணீர் எடுத்து வரும்போது, வேலியோரம் முதுகைக் காட்டி நின்று ஒரு பொட்டலத்தை அவர் அவசரமாகத் தின்று முடிப்பதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே நாங்கள் நாலு பேரும் பெண்ணுக்குப் பட்டு எடுக்க ரங்கூன் ஊருக்குள் போனோம். லான்மடாவ் பக்கம் அண்ணனுக்குத் தெரிந்த கடை இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கி டிராமில் ஏறினோம். தண்டவாளத்தின் மேல் மின்சாரத்தில் ஓடுகிற வண்டி. ஒரே கூட்டம். தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி, சீனம் என்று எல்லாப் பாஷையும் அதற்குள் இருந்தது. திருவாரூரில்கூட ஒரே இடத்தில் இத்தனை தமிழைக் கேட்டதில்லை என்று தோன்றியது. ஆண்கள் முன்னால் நின்றார்கள். மா செய்னும் நானும் பின்னால் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டோம்.

வண்டி ஓர் இடத்தில் நின்றது. என் கணவரும் அண்ணனும் இறங்கியதைப் பார்த்தேன். எழுந்து வழி கேட்க எனக்கு வாய் வரவில்லை. குறுக்கே ஒரு மூட்டையும் மூட்டைக்காரரும். மா செய்ன் எட்டி ஏதோ சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. என் கணவர் கையை ஆட்டிக்கொண்டு நாலு அடி ஓடி வந்தது தெரிந்தது. பிறகு அவர் தலை சின்னதாகிவிட்டது. மா செய்ன் கண்டக்டரிடம் போய்ப் பேசினார். அவர் அசையவில்லை. அடுத்த நிறுத்தமும் தாண்டி அதற்கு அடுத்ததில்தான் இறங்க முடிந்தது.

திரும்பி நடந்தோம். அந்த ஊரில் பெண்கள் கடை வைத்து உட்கார்ந்து, சுருட்டுப் பிடித்தபடி ஆண்களை அதட்டிப் பேரம் பேசுகிறார்கள். மா செய்ன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே கூட்டிப் போனார். வந்து மூன்று நாளில் அவர் கை என் மேல் பட்டது அப்போதுதான். கூட வேறு யாரும் இல்லாததால் எனக்குக் கொஞ்சம் பேச வந்தது. பூவைத் தெரியாமல் பறித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றேன்.

அவர் வழியில் மல்லிகைச் சரம் விற்கிற ஒரு பெண்ணிடம் நின்று ஒரு முழம் வாங்கினார். அதைக் கையில் வைத்துக்கொண்டே, வார்த்தையைத் தேடித் தேடிச் சொன்னார்.

“தங்கச்சி வந்தா என்ன குடுக்கணும்னு அவங்களைக் கேட்டேன். நம்ம சோறு வேணாம். நம்ம தண்ணி வேணாம்னாங்க. பூ குடுக்கலாமான்னு கேட்டேன். பூ குடுக்கலாம்னாங்க.”

நான் நின்றுவிட்டேன். அவர் என்னை இழுத்து ஓரமாக நிறுத்திவிட்டு மேலே சொன்னார். கடைப் பூ வேண்டாம், வீட்டுப் பூவைத் தன் கையால் என் தலையில் வைக்க வேண்டும் என்று நினைத்தாராம். கடிதம் வந்த நாளிலிருந்து, கோழி கிளறாமல் வேலி கட்டி, பாத்திக்குக் காவல் இருந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலமே மொட்டுகள் விரியும் பருவத்தில் நின்றன. சனிக்கிழமை காலை மலரும் என்று கணக்குப் போட்டிருந்தார். அது சரியாகத்தான் இருந்தது.

“தண்ணி எடுத்துக்கிட்டு எறங்கி வந்தேன். பூ இல்லை. சாமிக்குன்னு சொன்னீங்க.” அவர் சிரித்துவிட்டார். “சாமிகிட்ட எப்படிக் கேக்கறது?”

மல்லிகையை நீட்டினார். நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் அதை வாங்கி நானே தலையில் வைத்துக்கொண்டேன். வைத்த பிறகுதான் அவர் கை பாதியில் நின்றிருந்ததைக் கவனித்தேன். அதற்குள் எதிரே என் கணவர் வேர்த்து விறுவிறுத்து வந்து, கண்ணை எங்கே வைத்துக்கொண்டிருந்தாய் என்று தொடங்கிவிட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் கெட்டது அவர் சொன்ன அந்த வார்த்தையால்தான். சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், பூ கொடுக்கலாம். நாங்கள் அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளக் கூடியது இந்த உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அதை அவர் கொடுப்பதற்கு முன் நானே எடுத்துக்கொண்டேன். நான் அவருக்குக் கொடுக்கக் கூடியதும் ஒன்றுதான். அது என் இடுப்பில் முடிந்திருந்தது.

திங்கட்கிழமை என் கணவரிடம், மா செய்னுக்கும் குங்குமம் கொடுத்து அழைத்துவிடலாம் என்று சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கேட்டுக்கொண்டார். பிறகு, “உன் இஷ்டத்துக்குச் செஞ்சுட்டு ஊருக்குப் போனா, எங்க அண்ணனுக்கு யார் பதில் சொல்றது?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. கூடவே, குங்குமம் கொடுக்காமல் போனால் பெண் கையை மணவறைக்கு யார் பிடித்து வருவது என்றும் தெரியவில்லை. இரண்டையும் மனசுக்குள் வைத்துக்கொண்டு சோறு வடித்தேன்.

அதன்பிறகு தினமும் விடியற்காலையில் தட்டு இல்லாமல் அந்தப் பாத்திக்குப் போய்ப் பார்ப்பேன். இன்னொரு பூ வந்துவிட்டால், அதை அவர் கையால் வாங்கிக்கொண்டு போகலாம் என்று ஓர் ஆசை. பிள்ளையாருக்கு அந்த நாட்களில் அருகம்புல்தான். திங்கள் ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை மண்ணில் ஒரு கீற்று வெடித்திருந்தது. புதன்கிழமை அதிலிருந்து சுருட்டின காகிதம் போல ஒரு நுனி. மா செய்னும் வந்து என் பக்கத்தில் குந்தினார். இரண்டு பேரும் அதையே பார்த்தோம். எத்தனை நாள் என்று விரலைக் காட்டிக் கேட்டேன். அவர் இரண்டு விரலைக் காட்டினார். பிறகு யோசித்து மூன்றாவதையும் நிமிர்த்தினார். எங்களுக்குக் கப்பல் மறுநாள்.

வியாழக்கிழமை காலையில் மாட்டுவண்டி வாசலில் வந்து நின்றது. பெட்டிகளை ஏற்றினார்கள். என் கணவர் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை எல்லாம் வைத்துத் தயார் செய்தார். பத்திரிகையின் மேல் அண்ணன் பெயர் மட்டும் இருந்தது. அண்ணன் படிக்குக் கீழே நின்றார். மா செய்ன் இரண்டு படி மேலே, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்களுக்கு வழி விடுவது போல ஒதுங்கியிருந்தார்.

நான் பாத்தியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மொட்டு ஒரு விரல் உயரம் வந்திருந்தது. விரியவில்லை.

என் கணவர், “ம்” என்று தாம்பாளத்தைக் காட்டினார். நான் எடுத்தேன். தேங்காய் உருண்டு விளிம்பில் முட்டியது. அண்ணன் எதிரே போய் நிற்க வேண்டியவள் அவரைத் தாண்டிப் படியருகே போனேன்.

“அண்ணி, கீழே வாங்க” என்றேன்.

அவருக்குப் புரியவில்லையோ என்று நினைத்தேன். புரிந்துவிட்டது. இறங்கி வந்து அண்ணன் பக்கத்தில் நின்றார். தாம்பாளத்தை ஒரு கையில் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் இடுப்பு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். முடியவில்லை. ஆறு நாள் இறுகின முடிச்சு. தாம்பாளம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வலப்பக்கத்திலிருந்து ஒரு கை வந்து அதைப் பிடித்து நிமிர்த்தியது. என் கணவரின் கை. அவர் முகம் வண்டிப் பக்கம் திரும்பியிருந்தது. கை மட்டும் இங்கே இருந்தது.

சிமிழைத் திறந்தேன். “நெத்தியைக் காட்டுங்க, அண்ணி.”

அவர் குனிந்தார். குங்குமத்தை வைத்துவிட்டு, “வைகாசியில உங்க மருமகளுக்குக் கல்யாணம். ரெண்டு பேரும் வந்து நடத்திக் குடுக்கணும்” என்று சொல்லி முடித்தேன். என் வாழ்நாளில் நாலு பேர் எதிரில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வண்டிக்காரனிடம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாயா என்று தமிழில் கேட்டார். அவன் பர்மாக்காரன்.

கப்பலில் மூன்றாம் நாள் என் கணவர் கம்பியைப் பிடித்துக் கடலைப் பார்த்தபடி, தன் அண்ணனுக்கு என்ன சொல்லப் போகிறாய் என்றார். தாம்பாளத்தைப் பிடித்தது யார் என்று சொல்லுவேன் என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படி அவரிடம் நான் அதற்கு முன் பேசியதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பயறுச் சோறு நம் ஊரில் செய்ய வருமா என்று கேட்டார்.

மூத்தவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பந்தல்காரன் வந்துவிட்டான். பேசாமல் காரியம் நடக்கவில்லை. பங்குனியில் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. நாங்கள் புறப்பட்ட மறுநாளைக்கு மறுநாள் அந்த மொட்டு விரிந்ததாம். செய்ன் அதைப் பறிக்கவில்லை, காய்ந்து உதிரும் வரை அப்படியே விட்டுவிட்டாள் என்று எழுதியிருந்தார்.

வைகாசியில் இரண்டு பேரும் வந்தார்கள். அண்ணன் வேட்டி கட்டத் தடுமாறினார். அண்ணியை எங்கள் வீட்டுப் பெண்கள் முதல் நாள் தூரத்திலிருந்து பார்த்தார்கள். இரண்டாம் நாள் அந்த மரப்பட்டை அரைப்பு வெயிலுக்கு நல்லதா என்று விசாரித்தார்கள்.

எங்கள் கொல்லையில் ஒரு இருவாட்சிச் செடி இருக்கிறது. கல்யாணத்துக்கு முதல் நாள் விடியற்காலை அதன் பூவை என் கையால் அண்ணியின் கொண்டையில் வைக்க வேண்டும் என்று நினைத்து, இரண்டு நாளாக ஒருவரையும் தொடவிடாமல் காத்து வந்தேன். அன்று இருள் பிரியும்போது குளித்துவிட்டு வந்து பார்த்தால், செடியில் ஒரு பூ இல்லை. நந்தியாவட்டையும் மொட்டையாக நின்றது. செம்பருத்தியில் காம்புதான் இருந்தது. கிணற்றடியில் ஈரத் தலையோடு அண்ணி நின்றுகொண்டிருந்தார். கையில் என் பூத்தட்டு. பூக்களை எங்களைப் போலவே கழுத்தில் கிள்ளி, தட்டு நிறையக் குவித்து, இருவாட்சியை மட்டும் ஓரமாக ஒதுக்கியிருந்தார்.

நான் செடியைப் பார்த்தேன். தட்டைப் பார்த்தேன்.

“சாமிக்கு” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

பிறகு தட்டை என்னிடம் நீட்டிவிட்டு, திரும்பி நின்று கொண்டையைக் காட்டினார்.